பெண்கள் பக்கத்துப் பாஞ்சாலி

ஆப்பிளைப் பார்த்ததும்தான் பாஞ்சாலிக்குத் தன் வியாதி என்னவென்று புரிந்தது.

1991 ஜூன் மாதம். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கூட வந்த கன்னியப்பனிடம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்த கன்னியப்பன், "குடல்ல புண்ணு பெரிம்மா. மாத்திரைல கேட்டுடும்" என்றான். அதுவரை நம்பும்படியாகத்தான் இருந்தது. பூந்தமல்லியில் பஸ் மாறும்போது அவன் ஓடிப்போய் ஒரே ஒரு ஆப்பிள் வாங்கிவந்து அவள் மடியில் வைத்தான்.

அறுபத்து நாலு வயசுவரை பாஞ்சாலிக்கு யாரும் ஆப்பிள் வாங்கிக் கொடுத்ததில்லை. கன்னியப்பன் அவளுடைய தங்கை மகன். தங்கை போன பிறகு அவளே வளர்த்து ஆளாக்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்கும் சேர்த்துவிட்டவள். நல்ல பிள்ளைதான். ஆனால் ஆப்பிள் வாங்குகிற பிள்ளை இல்லை.

"இன்னாடா இது?"

"சத்துக்கு பெரிம்மா."

சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். கேட்டதற்குத் தூசு என்றான். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை. பாஞ்சாலி ஆப்பிளை முந்தானையில் முடிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துத் தூசு என்று சொல்கிற பிள்ளைகளை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அது எப்போதும் பதினோராவது ரீலில் வரும். அதற்கப்புறம் நோயாளிக்கு அதிக ரீல் மிச்சம் இருக்காது.

பாஞ்சாலிக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே இருந்த டூரிங் டாக்கீஸில் அவள் இருபத்திரண்டு வருஷம் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்தவள். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே லாரியில் கிளீனராகப் போன புருஷன் திருமழிசை வளைவில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். குழந்தை இல்லை. டாக்கீஸ் முதலாளி அவள் குரலைக் கேட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். அந்தக் குரலுக்கு வேலை இருந்தது. தரை டிக்கெட்டில் பக்கத்துக்காரி மண்ணைத் திருடித் தான் உட்காரும் மேட்டை உயர்த்திக்கொள்கிறவளை அதட்ட வேண்டும். மணலில் தூங்கவைத்த குழந்தையை மறந்துவிட்டுப் பாதி வழி போனவளைக் கூப்பிட வேண்டும். கதாநாயகன் மேல் கோபப்பட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கிவர வேண்டும். டாக்கீஸில் ஒரே மெஷின்தான். ரீல் மாற்ற மாற்ற, ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. எந்த ரீலில் பெண்கள் பக்கம் எத்தனை பேர் அழுவார்கள் என்று பாஞ்சாலி முதல் நாளே சொல்லிவிடுவாள். ஊருக்குள் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, வாடகை வீடியோ டெக் வந்தது, டாக்கீஸைப் பிரித்து மரத்தை விற்றார்கள். அதற்குப் பிறகு அவள் பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள், வயிற்றில் வலி வரும்வரை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு வாரத்தில் அவர்கள் ஊரான பென்னலூர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. பாஞ்சாலிக்கு மட்டும் தெரியக்கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அதனால் தினம் நாலு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்றார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்த வாலாஜாபாத் அண்ணி சும்மா இந்தப் பக்கம் வந்து, இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடு, "உன்னப் பாக்கணும்னு தோணிச்சு" என்று சொல்லி, போகும்போது வாசலில் மூக்கைச் சிந்தினாள். எதிர்வீட்டுக்காரி ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிப்போன அண்டாவைத் துலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பாஞ்சாலி எல்லோரிடமும், "புண்ணு ஆறிகினு வருது" என்று சொல்லிவந்தாள்.

அவள் ஏன் சொல்லிவிடவில்லை என்றால், கன்னியப்பனுக்காகத்தான். அவன் ஷிப்ட் முடிந்து வந்து, முகத்தைக் கழுவி, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே நுழைவான். வாசலில் அவன் அதை வரவழைக்கிற நேரம் அவளுக்கு உள்ளேயிருந்து தெரியும். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவன் செய்கிறபோது நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டாள்.

செப்டம்பரில் மூன்று பேர் ஊருக்குள் வந்தார்கள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் புது முகம் ஒன்று டீ குடித்தாலே நாலு பேர் கிளாஸை முகர்ந்து பார்த்தார்கள். இந்த மூன்று பேருக்கும் தாடி வேறு. ஒருவர் தோளில் இருந்த பெட்டியில் வயர் தொங்கியது. இன்னொருவர் இடிந்த வீடாகப் பார்த்துப் பார்த்து விரலைச் சதுரமாக வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே போனார். டீக்கடை மண்ணாங்கட்டி பாய்லரை அணைக்காமலே ஓடிப்போய் ஏட்டைக் கூட்டிவந்துவிட்டான்.

"நாங்க சினிமா எடுக்க வந்திருக்கோம்" என்றார் பெரிய தாடி. அவர் பெயர் இராமச்சந்திரன். டைரக்டர்.

சினிமா என்றதும் ஊரே பாஞ்சாலி வீட்டைப் பார்த்தது. ஏட்டு அவளைக் கூப்பிட்டு, "இவங்க சினிமாக்காரங்கதானா, நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

பாஞ்சாலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"எத்தினி ரீலு?"

"பத்து ரீல் வரும்மா."

"பாட்டு?"

"பாட்டு இல்லை."

"பைட்டு?"

"இல்லை."

"சரி, இன்டர்வெல்லு எங்க வுடுவீங்க?"

"என் படத்துல இடைவேளையே கிடையாது. வாழ்க்கையில இடைவேளை இருக்கா, சொல்லுங்க?"

பாஞ்சாலி ஏட்டின் பக்கம் திரும்பினாள். "இப்பத்தான் சார் எனக்கும் டவுட்டா கீது."

மூன்று பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மெட்ராஸிலிருந்து யாரோ போன் செய்த பிறகு சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே டைரக்டர் நேராகப் பாஞ்சாலி வீட்டுக்கு வந்தார். காரை பெயர்ந்த சுவரைத் தடவிப் பார்த்தார். ஓட்டுக்கு நடுவே வானம் தெரிகிற இடத்தைப் பார்த்து, "அற்புதம்" என்றார். அந்த இடத்தை அடைக்க முடியாமல் நாலு மழையாகத் தவித்துக்கொண்டிருந்த கன்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தின் பெயர் 'சருகின் மூன்று பருவங்கள்'. புற்றுநோயில் சாகப்போகிற ஒரு வயதான பெண்மணியின் கடைசி நாட்கள். யாரும் யாரோடும் அதிகம் பேசமாட்டார்கள். யதார்த்தம்.

"இங்க எடுக்க முடியாது சார்" என்று கன்னியப்பன் அவரைக் கொல்லைப் பக்கம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "எங்க பெரிம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. அதே வியாதிதான் சார். அவுங்களுக்குத் தெரியாது."

டைரக்டர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எத்தனை மாசம்னு சொல்லியிருக்காங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆவல் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். உடனே, "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். ஜனவரியில் தொடங்குவதாக இருந்த படப்பிடிப்பு நவம்பருக்கு மாறியது. கன்னியப்பன் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், மெட்ராஸில் தனக்குத் தெரிந்த ஒரு பெரிய டாக்டரை வீட்டுக்கே அழைத்துவருவதாக டைரக்டர் சொன்னதுதான். டாக்டரும் வந்தார். பாஞ்சாலியின் நாடியைப் பிடித்துக்கொண்டே, ஹீரோயின் யார் என்று கேட்டார். மூன்று வகை டானிக் எழுதிவிட்டுப் போனார்.

கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்தது ஓலைத் தட்டி. அன்று கொல்லையில் நடந்த பேச்சு முழுவதையும் பாஞ்சாலி பூண்டு உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு 'ஆலோசகர்' என்று ஒரு பதவி கொடுத்தார்கள். அந்த வயதான பெண்மணியாக நடிக்க வந்தவர் கலைமதி. நாற்பத்து நாலு வயசு. எழுபதுகளில் நாலைந்து படத்தில் கதாநாயகி, பிறகு அண்ணி, பிறகு அம்மா, பிறகு ஒன்றுமில்லை. பத்து நாள் பாஞ்சாலி பக்கத்திலேயே இருந்து அவள் எப்படி உட்காருகிறாள், எப்படி எழுந்திருக்கிறாள் என்று கவனிக்கும்படி டைரக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். கலைமதி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து முக்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

பாஞ்சாலி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "உன் ரெண்டாவது படத்துல புள்ளப் பேத்துல செத்துட்டே இல்ல? பதிமூணாவது ரீலு. வெள்ளப் பொடவ."

கலைமதி முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அது பத்து நாள்கூட ஓடலையேம்மா."

"எங்க டாக்கீஸுல பதினேழு நாளு ஓடிச்சு. பொம்பளைங்க பக்கம் ஒருத்தி மயக்கம் போட்டு வுழுந்துட்டா. நான்தான் சோடா ஒடச்சிக் குடுத்தேன்."

கலைமதி நோட்டுப் புத்தகத்தை மூடினார். அன்று மதியம் இருவரும் அந்தப் படத்தைப் பற்றியே பேசினார்கள். தன்னை யாராவது நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டே பல வருஷமானவர் கலைமதி. பேச்சுக்கு நடுவே பாஞ்சாலிக்கு வலி வந்தது. அவள் முட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொண்டாள். கலைமதி பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

"பாரும்மா. இதுக்குத்தானே வந்துகீற" என்றாள் பாஞ்சாலி, மூச்சு வந்ததும்.

"அம்மா..."

"எனக்கு எல்லாம் தெரியும். கன்னியப்பனாண்ட சொல்லிடாத. அவன் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறான். உங்க டைரட்டரும் அப்படித்தான். எல்லாரும் ஒரே நடிப்பு. நீ ஒருத்திதான் சம்பளம் வாங்கிகினு வந்து நடிக்கத் தெரியாம முழிக்கிற."

கலைமதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டார்.

பாஞ்சாலி முட்டியை மெல்ல நீட்டினாள். "சாவறதுக்கு இல்ல. இந்த வலிதான். சினிமாவுல சாவறவங்களுக்கு ரெண்டு ரீலுக்கு மேல வலிக்காது. இது வுட்டுட்டு வுட்டுட்டு வருது. என்னிக்காவது தாங்காம கத்திடுவேனோன்னு கீது. நான் கத்தினா ஊரே கேக்கும். என் கொரலு அப்படி."

நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கியது. டைரக்டருக்கு வறட்சி வேண்டும். வானமோ விடாமல் ஊற்றியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். படத்துக்குச் சருகு தேவை, ஊரில் ஒரு இலைகூடக் காயவில்லை. அசிஸ்டெண்ட் வசந்தகுமார், கன்னியப்பன் மனைவி ஞானம்மாவிடம் தோசைக்கல்லை வாங்கி, பச்சை இலைகளைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். "எண்ண வுட்டா மொறுமொறுன்னு வரும் சார்" என்று ஞானம்மா யோசனை சொன்னாள். அவள் நிஜமாகவே உதவத்தான் சொன்னாள்.

பாட்டும் இல்லை சண்டையும் இல்லை என்று தெரிந்து, வேடிக்கை பார்க்கவந்த கூட்டம் இரண்டாம் நாளே பாதியானது. மிச்சமிருந்தவர்களும், படுத்துக் கிடக்கிற பெண்மணியை ஒருவர் படம் எடுப்பதையும் அதற்குப் பின்னால் இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்துவிட்டு, இவர்களுக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா என்று அனுதாபப்பட்டார்கள்.

ஜன்னல் காட்சி ஒன்று இருந்தது. வயதான பெண்மணி ஜன்னல் வழியே ஆறு நிமிஷம் வெளியே பார்க்க வேண்டும். டைரக்டர் பாஞ்சாலியிடம் வந்து, மிகவும் மெதுவான குரலில், "அம்மா, இந்த மாதிரி உட்கார்ந்து மழையைப் பார்க்கிறபோது உங்க மனசுல என்ன ஓடும்?" என்று கேட்டார்.

"கொல்லையில வெறகு நனஞ்சிகினு கீதேன்னு ஓடும்."

டைரக்டர் கண்ணை மூடி அதை உள்வாங்கினார். "நனையும் விறகு. எரிவதற்கு முன் ஒரு ஈரம்" என்று வசந்தகுமாரிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பாஞ்சாலி ஞானம்மாவைக் கூப்பிட்டு, "அந்த ஆளு எழுதிகினு கெடக்கட்டும், நீ போய் வெறக உள்ள எடுத்துப் போடு" என்றாள்.

சாவுக் காட்சி எடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை காலையை வைத்திருந்தார்கள். பிலிம் கையிருப்பு குறைவு, அதனால் ஒரே டேக் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். கயிற்றுக் கட்டிலில் கலைமதி நரைமுடி வைத்து, முகத்தில் சாம்பல் நிறம் பூசிப் படுத்திருந்தார். வாசலில் நின்ற கூட்டத்தை வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். காக்கையை விரட்ட ஒருவர் ஓட்டின் மேல் ஏறினார். பாஞ்சாலி காமிராவுக்குப் பின்னால் முக்காலியில் இருந்தாள். கன்னியப்பன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான்.

"நிசப்தம்தான் இந்தக் காட்சியோட உயிர்" என்றார் டைரக்டர். "ஸ்டார்ட்."

ஒரு நிமிஷம் ஓடியிருக்கும். பாஞ்சாலிக்கு அப்போதுதான் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் இதற்கு ஒத்திகை என்று சொல்லும்படியான வலி. அவள் முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தாள். இவ்வளவு பேர் உழைப்பைக் கெடுக்கக்கூடாது என்பதுதான் அவளுக்கு அந்த நேரத்திலும் இருந்த எண்ணம். முடியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்துவிட்டது.

"கட்! யாருங்க அது முனகறது?" டைரக்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. "எவ்வளவு தடவை சொல்றது? ஒரு சாவு நடந்துக்கிட்டிருக்கு, கொஞ்சம் மரியாதை வேணாமா? வசந்த், அவங்களைக் கொஞ்சம் வெளியே உட்காரவை."

பாஞ்சாலி முக்காலியிலிருந்து சரிந்தாள்.

கட்டிலில் செத்துக்கொண்டிருந்த கலைமதி துள்ளி எழுந்தார். இரண்டு கையாலும் பாஞ்சாலியை வாரித் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார். வெளியே நின்றிருந்த மண்ணாங்கட்டி, "ஐயோ, பொணம் ஓடியாருதுடா!" என்று டீ கிளாஸைப் போட்டுவிட்டுச் சாக்கடையைத் தாண்டினான். காமிராமேன் தன்னையறியாமல் காமிராவை அந்தப் பக்கம் திருப்பினார். "பிலிமை வேஸ்ட் பண்ணாதே!" என்று டைரக்டர் அவர் கையைப் பிடித்தார். இந்தப் படப்பிடிப்பில் நடந்த ஒரே உருப்படியான காட்சி இப்படித்தான் பதிவாகாமல் போனது.

படக் கம்பெனி கார் சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தது. கலைமதி நெடுஞ்சாலை நடுவில் போய்க் கையை விரித்து நின்றார். பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த லாரிக்காரர், தலைவிரி கோலமாக நிற்கிற சாம்பல் முகத்தைக் கண்டு, பயத்திலேயே பிரேக்கை மிதித்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். வாசலுக்கு ஓடிவந்த நர்ஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கலைமதியைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் படுக்கவைக்கப் பார்த்தாள்.

"நான் இல்லைம்மா, அவங்க!" என்று கலைமதி கத்தினார்.

"அவுங்க நல்லாத்தானே கீறாங்க?" என்றாள் நர்ஸ்.

வலியோடு வலியாகப் பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இன்னும் வலித்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை.

ஊசி போட்டு வலி அடங்கிப் படுத்திருந்தபோது கன்னியப்பன் வந்தான். கம்பெனிச் சட்டையில் கிரீஸ் கறை. முகம் கழுவியிருக்கவில்லை. ஆனாலும் கதவருகே நின்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

"ஒண்ணுமில்ல பெரிம்மா. வெறும் கேஸுதான். இப்பத்தான் டாக்டர் சொன்னாரு."

"டாக்டரு இன்னும் வரவே இல்லியேடா. இவ்ளோ நேரமும் ஊசி போட்ட பொண்ணுதான் இருந்துச்சு."

கன்னியப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காரு" என்றாள் பாஞ்சாலி. "அஞ்சு மாசமா நல்லாத்தான் நடிச்சே. ஒரே ஒரு தப்பு பண்ணிட்டே. அந்த ஆப்பிள வாங்கியிருக்கக் கூடாது."

அவனுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பூந்தமல்லிலேர்ந்து."

கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து கட்டிலில் தலையை வைத்து அழுதான். அஞ்சு மாத அழுகை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாஞ்சாலி அவன் தலையில் கை வைத்திருந்தாள். அவளும் அழுதாள். வியாதி தெரிந்த பிறகு அவள் இன்னொருவரோடு சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. தனியாக அழுவதைவிட இது சுலபமாக இருந்தது.

"எத்தினி மாசம்னு சொன்னாங்க?"

"நாலு மாசம்."

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப அக்டோபரோட என் ஷிப்டு முடிஞ்சிபோச்சு. இப்ப ஓடிகினு கீறது ஓ.டி."

அழுகைக்கு நடுவே கன்னியப்பன் சிரித்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. இனி மெட்ராஸுக்குப் போவதில்லை, டானிக் இல்லை, செம்பரம்பாக்கம் ஏரி மீன் கிடைத்தால் காரமாகக் குழம்பு வைக்க வேண்டும் என்று பாஞ்சாலி நேரடியாகச் சொன்னாள். வலி வந்தால் வாய்விட்டுக் கத்தினாள். ஊருக்கே கேட்டது; யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஞானம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். மறுபடி வந்த வாலாஜாபாத் அண்ணி, "சும்மா இந்தப் பக்கம்" என்று தொடங்கியதும், "நான் சாவறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லேன் அண்ணி, வாயி தேஞ்சா பூடும்?" என்றாள். அண்ணி திகைத்து, பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சண்டையை அப்படியே எடுத்தாள். இருவரும் மதியம்வரை சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

சாவுக் காட்சியைத் திரும்ப எடுத்தபோது கலைமதி சொன்னபடி கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தபடியே மகனாக நடித்தவரைப் பிடித்து, கொல்லை விறகை உள்ளே எடுத்துப் போடாததற்குத் திட்டு திட்டென்று திட்டிவிட்டு, பாதித் திட்டில் தலையைச் சாய்த்தார். லைட்பாய்கள் கைதட்டினார்கள். டைரக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அது வேறு ஏதோ படத்தில் இருக்க வேண்டியது என்றார். எடிட்டிங்கில் அதை வெட்டிவிட்டு ஜன்னலை இன்னும் இரண்டு நிமிஷம் நீட்டினார்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள், புதன்கிழமை, காலை பத்து மணிக்குப் பாஞ்சாலி போனாள். ஞானம்மா தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். "இழுக்காதடி" என்றாள் பாஞ்சாலி. "சிக்கு கீது அத்த" என்றாள் ஞானம்மா. அதற்குப் பதில் வரவில்லை. தெருவில் டெம்போவிலிருந்து யாரோ சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கொடுத்த நாலு மாதத்துக்கு மேல் இரண்டு மாதம் ஓட்டியிருந்தாள்.

படத்துக்கு ஒரு விருது கிடைத்தது. தியேட்டர் கிடைக்கவில்லை. மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் போட்டார்கள். பென்னலூரே கூடி உட்கார்ந்து, தங்கள் ஊர் எங்கே வருகிறது என்று பார்த்தது. ஜன்னல் காட்சியில் பாதிப் பேர் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோதும் ஜன்னலே இருந்தது. கடைசியில் நன்றி என்று போட்டதில் ஊர்ப் பெயரும் போலீஸ் ஸ்டேஷன் பெயரும் வந்தன. ஆலோசகர் பெயரை யாரோ எழுத மறந்துவிட்டிருந்தார்கள்.

அதற்கெல்லாம் முன்பு, பாஞ்சாலியின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கலைமதி பஸ்ஸில் வந்தார். நரைமுடி இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். படையலுக்கு வைத்திருந்த இடத்தில் செம்பும் புடவையும்தான் இருந்தன. படம் எங்கே என்று கேட்டார். பாஞ்சாலி போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை என்று கன்னியப்பன் சொன்னான். டைரக்டர் தரப்பில், கலைமதி வயதான பெண்மணி வேஷத்தில் இருக்கிற பெரிய போட்டோ ஒன்றை, 'அம்மாவின் நினைவாக' என்று எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் வைத்திருந்தான்.

கலைமதி மெட்ராஸுக்குப் போய், படப்பிடிப்பில் எடுத்த முன்னூறு ஸ்டில்களையும் ஒவ்வொன்றாகத் தேடினார். ஒன்றே ஒன்றில், ஓரத்தில், லைட் ஸ்டாண்டு பாதி மறைக்க, பாஞ்சாலி இருந்தாள். யாரையோ பார்த்துக் கையை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். வாய் நன்றாகத் திறந்திருந்தது. அதைத் தபாலில் அனுப்பினார்.

கன்னியப்பன் அதை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய்ப் பெரிதாக்கித் தரக் கேட்டான். ஸ்டுடியோக்காரர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்டாண்ட எடுத்துடலாம்பா. ஆனா வாயி இப்படித் தொறந்துகினு கீதே. மாலை போட்டு மாட்டற போட்டோ. பிரஷ்ஷுல மூடிடட்டுமா?"

"வேணாம் சார்" என்றான் கன்னியப்பன். "அப்படியே கெடக்கட்டும்."